ஈ, தா, கொடு: மன்றங்களின் நிதியும் அகப்பக்கமும்



மொழியியல் பயின்ற ஒருவரை அழைத்து, சமூக மன்றங்கள் அகப்பக்கத்தின் வழியே நிதி திரட்டுவது பற்றிப் பேசுமாறு கழகத்தார் கேட்டபோது, கணினி வல்லுநர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கக்கூடும். கணினி வேலையைச் செய்து தர இன்று பதினேழு வயது மாணவரே போதும். கேட்பது என்பது அதனினும் கடினமான வேலை. கேட்பது மொழியால் நடப்பது. ஆதலால் நமக்கும் இங்கே சொல்ல ஏதேனும் உண்டு என்று துணிந்து வந்தோம்.

இரப்போர் வழங்கும் சொற்களைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் மூன்றாகப் பகுத்துள்ளார். தாழ்ந்த நிலையில் நின்று கேட்பவன் சொல் ‘ஈ’. ஒத்த நிலையில் உள்ளவன் கேட்பது ‘தா’. உயர்ந்தவன் கேட்பது ‘கொடு’. மூன்றும் ஒரே செயலைக் குறிப்பவை. ஆயினும் கேட்பவர் தம்மை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதை ஒவ்வொன்றும் காட்டிவிடும். இன்றைய பேச்சு வழக்கில் இவ்வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. நிதி வேண்டுகோள்களின் நடையில் மட்டும் அது வேறுருவில் உயிரோடு இருக்கிறது. “கருணை உள்ளம் கொண்ட கொடைவள்ளல்களே, வாரி வழங்கி எங்களை வாழவைப்பீர்” என்று எழுதும் மன்றம் ‘ஈ’ என்கிறது. “ஒவ்வோர் உறுப்பினரும் தவறாது 50 வெள்ளி செலுத்த வேண்டும், தவறுவோர் பெயர் நீக்கப்படும்” என்று எழுதும் மன்றம் ‘கொடு’ என்கிறது. ‘தா’ என்று கேட்கும் வேண்டுகோளை நாம் அரிதாகவே காண்கிறோம். நம் மன்றங்களுக்கு உரியது அந்த நடைதான் என்பது நம் துணிபு. அதற்குக் காரணம் சொல்லச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இம்மாவட்டத்தில் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில் மன்றம் நடத்துவதற்கு நிதி ஒரு பெருஞ்சிக்கலாக இருந்ததில்லை. தொகை சிறியதாயினும் கொடுப்போர் அனைவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தனர். சம்பள நாளன்று பொருளாளர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் லயத்தின் ஒரு கோடியில் தொடங்கி மறுகோடி வரை நடந்தால் மாதச் சந்தா வந்து சேர்ந்துவிடும். கோயில் திருவிழா, இரவுப் பள்ளி, வாசகசாலை, பந்து விளையாட்டுக் குழு எல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்தை நம்பியே இயங்கின. தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றத்திலிருந்து கிளைத்த தமிழ் இளைஞர் மணிமன்றங்களும் அவ்வாறே தோட்டந்தோறும் வேர்விட்டன.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்பு வந்தது. லயங்கள் காலியாயின. ஒரே வரிசையில் வாழ்ந்த நாற்பது குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் அதற்கு அப்பாலும் வாழ்கின்றனர். பொருளாளர் நடப்பதற்கு லயம் இல்லை. மன்றம் மட்டும் தாப்பாவில் இருக்கிறது. அதன் கூரை ஒழுகுகிறது, மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுக்க இயலவில்லை, நூலகத்தில் கறையான். அகப்பக்கம் நமக்கு ஏன் வேண்டும் என்னும் வினாவிற்கு இதுவே விடை. முகமறியாத உலகத்தாரிடம் கையேந்துவதற்கு அது தேவையில்லை; அவர்கள் நம்மைத் தேடி வரப்போவதுமில்லை. சிதறிப்போன அந்த நாற்பது குடும்பங்களை மீண்டும் ஒரே வரிசையில் நிறுத்தும் லயமாகவே அகப்பக்கத்தைக் கருத வேண்டும்.

சிறு தொகைகளால் பெருஞ்செயல் முடித்த பழக்கம் நமக்குப் புதிதன்று. நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், தோட்டத் துண்டாடல் தொழிலாளரைத் தெருவில் நிறுத்திய காலத்தில், 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. அக்காலத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று, ஆயினும் செலுத்தினர். அத்தொகையைக் கொண்டு கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் முதலியன வாங்கப்பட்டன. அதற்காகத் துன் அவர்கள் தோட்டந்தோறும் நேரில் சென்று தொழிலாளரிடம் பேசினார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. அமைச்சராக இருந்தவர் அவர். ‘கொடு’ என்று ஆணையிடும் நிலையில் இருந்தவர். “இது உங்கள் பங்கு” என்று கேட்டார்.

மற்றொரு சான்று நம் துறையைச் சேர்ந்தது. 1950களில் அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு முதன்மை வேண்டும் என்று தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி அவர்கள் வாதாடினார். வாதத்தோடு நில்லாமல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதியும் திரட்டினார். பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்த் தொகுப்புக்கு அந்நிதி துணையாயிற்று. இந்நாட்டில் தமிழை உயர்கல்வியாகப் பயின்ற நாம் எல்லாரும் பால்மரம் சீவியவர்களின் காசில் வாங்கிய நூல்களைப் புரட்டியவர்களே. அன்று நாளிதழ்தான் அகப்பக்கம். வேண்டுகோளைச் சுமந்து சென்று சிதறிய தமிழரைச் சேர்க்கும் பணியை அது செய்தது.

தமிழ்நாட்டு விருதுநகரில் 1889ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியையும் ஒரு சொல் குறிப்பிட வேண்டும். காமராசர் பயின்ற பள்ளி அது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அதைத் திரட்டி விற்று பள்ளியை நடத்தினர். ‘பிடி அரிசி’ என்னும் அச்சொல்லில் கொடுப்பவரின் கையே அளவாக இருக்கிறது. சிறு தொகையைக் குறிக்க இதனினும் கண்ணியமான சொல் நமக்குத் தெரிந்தவரை இல்லை. ஓர் அகப்பக்கத்தில் ‘மாதம் ஐந்து வெள்ளித் திட்டம்’ என்று எழுதுவதைவிடப் ‘பிடி அரிசித் திட்டம்’ என்று எழுதினால் நம்மவர் உடனே உணர்வர் என்று நினைக்கிறோம்.

சொற்களைப் பற்றி இன்னும் ஒன்று, இடையில். ‘சந்தா’ பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியே வந்தது. ‘உண்டியல்’ வணிகர் வழங்கிய ‘ஹுண்டி’ என்னும் பணமுறிச் சொல்லோடு உறவுடையது; பிறகுதான் கோயிலில் வைத்த பெட்டிக்குப் பெயராயிற்று. ‘இணையம்’ என்னும் சொல்லைச் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி அவர்கள் நமக்குத் தந்தார்கள். தமிழ்நாட்டார் ‘வலைத்தளம்’, ‘இணையதளம்’ என்று வழங்க, நாம் மலேசியாவில் ‘அகப்பக்கம்’ என்கிறோம். அகம் என்றால் வீடு. வீட்டுக்கு வருபவரை நடத்தும் முறையில் வருபவரை நடத்த வேண்டும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது என்று நாம் வகுப்பில் சொல்வதுண்டு. சொற்பிறப்பு ஆராய்ச்சி என்று அதை யாரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டா.

இனி அண்மைக் காலத்துப் பெருஞ்சான்றுக்கு வருவோம். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. 2015இல் அமெரிக்காவில் வாழும் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்து முயற்சியைத் தொடங்கினர். தனியாக ஓர் அகப்பக்கம் அமைத்து உலகெங்கும் உள்ள தமிழரிடம் நிதி கேட்டனர். தமிழ்நாடு அரசு 2017இல் 10 கோடி ரூபாய் அறிவித்தது. 2018 மார்ச்சில் இலக்கு நிறைவுற்றது. அதன் பின் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு 30 லட்சம் கனடிய டாலர் இலக்குடன் அதே முறையில் நிதி திரட்டப்பெற்று, 2021இல் அதுவும் நிறைவேறியது.

இதைக் கேட்டதும் அகப்பக்கம் போட்டால் பணம் கொட்டும் என்று சிலர் முடிவு கட்டுவர். கணக்குப் பார்ப்போம். இரு மருத்துவர்கள் தந்தது 10 லட்சம் டாலர். 10 கோடி ரூபாய் அன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 15 லட்சம் டாலர். ஆக, 60 லட்சத்தில் 25 லட்சம் மூன்றே கைகளிலிருந்து வந்தது. எஞ்சியதில் அகப்பக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. அதுவும் அகப்பக்கம் தனித்து நின்று ஈட்டியதன்று. ஊர்தோறும் தமிழ்ச் சங்கங்கள் கூட்டம் நடத்தின, விருந்து நடத்தின, தொலைபேசியில் பேசின. முதலில் இருவர் தம் பணத்தை வைத்துவிட்டுப் பிறகு பிறரைக் கேட்டனர் என்பதே அம்முயற்சியில் நாம் கண்ட சிறப்பு. உங்கள் மன்றத்திலும் செயலவையினர் பதினைவரும் முதலில் தம் தொகையைச் செலுத்தி அதை அகப்பக்கத்தில் காட்டிவிட்டுப் பிறகு ஊரைக் கேட்கலாம். சுழியத்தில் நிற்கும் கணக்கில் முதல் வெள்ளியைப் போட எவரும் தயங்குவர்.

எதற்குக் கேட்கிறோம் என்பதை அளவோடு சொல்லும் கலையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள் வேண்டும். ஆடுகளைப் பெற்றுக்கொண்டு நெய் அளக்கும் பொறுப்பை ஏற்ற இடையர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அக்காலக் கல்வெட்டுகள் வழங்கின. கொடுப்பவருக்கு ஐயமே எழாது: 96 ஆடு, ஒரு விளக்கு, நாளும் ஓர் உழக்கு, பொறுப்பாளர் இன்னார். இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் கொடுத்தவை தனித்தனியே எழுதப்பட்டன. நகைகளின் எடையும், எந்த எடைக்கல்லால் நிறுக்கப்பட்டன என்பதும் கூட உண்டு. அவ்வெடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மன்னன் கொடுத்ததே ஆயினும் நிறுத்துத்தான் எழுதினர்.

இப்போது நம் மன்றங்களின் வேண்டுகோளைப் படிப்போம். “மன்ற வளர்ச்சிக்காக நிதி திரட்டப்படுகிறது. பெறப்படும் நன்கொடைகள் பல்வேறு சமூகப் பணிகளுக்குப் பயன்படுத்தப்படும்.” இரண்டு வாக்கியங்கள், மூன்று செயப்பாட்டு வினைகள். யார் திரட்டுகிறார்? யார் பெறுகிறார்? யார் பயன்படுத்துவார்? எழுவாய் எங்கும் இல்லை. செயப்பாட்டு வினை இலக்கணப் பிழையன்று. அறிவியல் கட்டுரையில் அதற்கு இடமுண்டு. பணம் கேட்கும் இடத்தில் எழுவாய் மறைந்தால் படிப்பவர் மனத்தில் ஓர் ஐயம் புகுந்துவிடுகிறது. ‘பல்வேறு’ என்னும் அடைமொழியும் அவ்வாறே ஒன்றையும் உணர்த்தாதது. அதற்கு மாறாக இவ்வாறு எழுதிப் பாருங்கள்: “நம் நூலகக் கூரையின் ஒரு பகுதி ஒழுகுகிறது. பழுதுபார்க்க 4,800 வெள்ளி ஆகும் என்று குத்தகையாளர் எழுதித் தந்த மதிப்பீட்டைக் கீழே வைத்துள்ளோம். செயலவையினர் 1,500 வெள்ளி தந்துவிட்டோம். எஞ்சிய 3,300 வெள்ளியை நாம் 110 பேர் சேர்ந்தால் ஆளுக்கு 30 வெள்ளியில் முடிக்கலாம். பொருளாளர் ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்பக்கத்தில் கணக்கை எழுதுவார்.” தொகைகள் நாம் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. வினைகளுக்கெல்லாம் எழுவாய் வந்துவிட்டதைக் கவனியுங்கள். ஆசிரியர்கள் இவ்விரு பத்திகளையும் கரும்பலகையில் எழுதிச் செய்வினை, செயப்பாட்டு வினைப் பாடம் நடத்தலாம். எந்தப் பயிற்சி நூலையும்விட நன்றாக விளங்கும்.

மேலே உள்ள எடுத்துக்காட்டில் ‘நாம்’ என்றும் ‘வைத்துள்ளோம்’ என்றும் இரு தன்மைப் பன்மைகள் இருப்பதையும் காணலாம். தமிழில் கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’ உண்டு. அவரை விலக்கும் ‘நாங்கள்’ உண்டு. ஆங்கிலத்திலோ மேலை மொழிகள் பலவற்றிலோ இந்த வேறுபாடு இல்லை; மலாயில் ‘கித்தா’, ‘காமி’ என்று உண்டு, அதனால் நம் மாணவர்க்கு இது இருமடங்கு எளிது. செயலவை செய்து முடித்ததற்கு ‘நாங்கள்’ பொருந்தும். இனிச் செய்ய வேண்டியதற்கு ‘நாம்’ தான் வேண்டும். “எங்கள் மன்றத்துக்கு உதவுங்கள்” என்றால் கிள்ளானில் இருக்கும் அந்தப் பழைய லயத்துப் பிள்ளை வெளியாள் ஆகிவிடுகிறார். “நம் மன்றத்துக் கூரை” என்றால் அவரும் அதன் கீழ் நிற்கிறார். தொல்காப்பியர் சொன்ன ‘தா’ என்னும் ஒப்புமை நிலையை இன்றைய தமிழில் நமக்கு மீட்டுத் தருவது இந்த ‘நாம்’ தான்.

செயல்முறைச் செய்திகள் சிலவற்றை விரைந்து சொல்லிவிடுகிறோம்.

அகப்பக்கத்தில் காட்டும் வங்கிக் கணக்கு மன்றத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்லும் வழக்கம், அவர் எவ்வளவு நல்லவராயினும், ஏற்கத்தக்கதன்று. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பெற்ற பதிவெண்ணை முகப்பிலேயே எழுதலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவகத்திற்கு அறிக்கை அனுப்புவது எப்படியும் நம் கடமை. அதே கணக்கறிக்கையை அகப்பக்கத்திலும் வைத்துவிட்டால் கூடுதல் வேலை இல்லை. வீடுவீடாகவோ தெருவிலோ திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டமும் உரிமமும் உண்டு. அகப்பக்கம் இருப்பதால் அதிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கே வரிக் கழிவு உண்டு. ஒப்புதல் இல்லாத மன்றம் ‘வரி விலக்கு உண்டு’ என்று எழுதுவது பொய்.

பணம் பெறும் வழிகளில் டுயிட்நவ் கியூஆர் குறியை நம்மவர் ஒட்டுக்கடையிலேயே பழகிவிட்டனர், அதையே வைக்கலாம். இடைநிறுவனம் ஒன்றின் வழியே பெறுவதாயின் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எவ்வளவு கழிப்பர் என்று முதலில் கேளுங்கள். ஒரு வெள்ளி கழிப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு வெள்ளி தருபவரிடம் அது நூற்றில் ஒன்று; ஐந்து வெள்ளி தருபவரிடம் ஐந்தில் ஒன்று. பிடி அரிசியில் ஐந்தில் ஒரு பங்கைக் குருவிக்குப் போட முடியாது. மன்றத்தின் குறிக்கு மேல் தம் குறியை ஒட்டிப் பணம் கவரும் வஞ்சகரும் உளர். திரையில் தோன்றும் பெயர் மன்றத்தின் பெயர்தானா என்று பார்த்துச் செலுத்துமாறு பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

நுழைவுச் சொல் யாரிடம் இருக்கிறது என்னும் வினா சிறியதாகத் தோன்றும். நாம் பார்த்த மன்ற அகப்பக்கங்கள் பலவற்றின் இறப்புக்கு அதுவே காரணம். ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் அமைத்துக் கொடுப்பார். மேற்படிப்புக்கோ வேலைக்கோ போய்விடுவார். ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிய நினைவூட்டல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குச் சென்றுகொண்டிருக்கும். ஒருநாள் பக்கம் காணாமற்போகும். முகவரி மன்றத்தின் பெயரில் பதிவாக வேண்டும்; நுழைவுச் சொல் செயலாளர், பொருளாளர் இருவரிடமும் இருக்க வேண்டும்; பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தோடு அதுவும் கைமாற வேண்டும். இன்னொரு பெருங்குறை பழமை. மூன்றாண்டுக்கு முந்தைய தீபாவளி வாழ்த்தோடு நிற்கும் பக்கத்தில் ‘நன்கொடை தருக’ என்று இருந்தால் யார் தருவார்? விளக்கு எரியாத வீட்டின் கதவை யாரும் தட்டுவதில்லை.

பணம் வந்த பின் செய்ய வேண்டியதைப் பற்றி நம் மன்றங்கள் மிகக் குறைவாகவே சிந்திக்கின்றன. மொய் எழுதும் வழக்கத்தில் நாம் எவ்வளவு கவனம்! ஊர், பெயர், தொகை என்று வரி தவறாமல் எழுதுவோம். திருப்பிச் செய்ய வேண்டிய நாள் வரும் என்பது தெரியும். நன்கொடையில் திருப்பிச் செய்வது என்பது செய்தி சொல்வதுதான். கூரை மாற்றிய படம், குத்தகையாளர் தந்த ரசீது, மிஞ்சிய 140 வெள்ளி எங்கே போயிற்று என்னும் ஒரு வரி, இவ்வளவு போதும். பெயர்களை வெளியிடுவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கல்லில் பெயர் வெட்டிய மரபு நம்முடையது என்றாலும், பெயர் வெளிவருவதை விரும்பாதவரும் உளர். கேட்டபின் வெளியிடுங்கள். தொகையின் வரிசையில் பெயர்களை அடுக்காமல் நாளின் வரிசையில் அடுக்குங்கள். ஐந்து வெள்ளி தந்த பாட்டியார் பட்டியலின் அடியில் கிடக்க வேண்டிய தேவை என்ன?

அந்தப் பாட்டியாரைப் பற்றியே இன்னும் ஒன்று. அவரிடம் திறன்பேசி இராது. இருந்தாலும் அதில் பணம் அனுப்ப அஞ்சுவார். அந்த அச்சம் நியாயமானதே. நாள்தோறும் மோசடிச் செய்திகளைப் படிக்கிறோம். அகப்பக்கம் வந்துவிட்டது என்று ரசீதுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். மன்றத்து வாசலில் அவர் தரும் ஐந்து வெள்ளிக்கு ரசீது எழுதி, அதே வாரம் அகப்பக்கக் கணக்கிலும் ஏற்றுங்கள். அவருடைய பேத்தி சிங்கப்பூரில் இருந்துகொண்டு அதைப் பார்ப்பாள். பார்த்தவள் அவளும் தருவாள் என்பது நம் எதிர்பார்ப்பு. தராவிட்டாலும் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவாள்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘தா’ என்னும் நிலையில் நின்றே கேட்கிறோம். இவ்வட்டாரத்து மன்றங்கள் பலவற்றில் வேண்டுகோள் எழுதத் தெரிந்தவர்கள் அறுபதைக் கடந்துவிட்டனர். படிவம் ஐந்து மாணவர்கள் இருவரை ஒரு மன்றத்திற்கு அனுப்புங்கள். பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டச் சொல்லுங்கள். அதில் உள்ள குடும்பங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று முதியோரிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தொடர்புப் பட்டியலைப் பொதுவில் வெளியிட வேண்டா. மன்றச் செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும். பிறகு ஒரே பக்கத்தில், செயப்பாட்டு வினை ஒன்றும் இல்லாமல், ஒரு வேண்டுகோளை அவர்கள் எழுதட்டும். எழுதியதை நமக்கு அனுப்பினால் திருத்தித் தர ஆயத்தமாக இருக்கிறோம். ஓய்வு பெற்றவர்க்கு நேரத்திற்குப் பஞ்சமில்லை. முகவரி கழகச் செயலாளரிடம் உள்ளது.